வெட்டாத வாழை

மாசி 11, புதன்கிழமை

இன்று வீட்டில் இருந்தவர்கள்: கோயில் பண்டாரம் முனியாண்டி. என் மருமகள் பவுனம்மா. அவள் அண்ணன் வீராசாமி, மொட்டைத் தலையோடு. அடுத்த வீட்டில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா விற்கும் பர்மாக்காரி டோ கின். வட்டாரத் தலைவர் ஊ மவுங் சோ. போலீஸ்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் செருப்பைக் கழற்றாமல் நின்று போனில் படம் பிடித்தான். பிறகு நான், அங்கம்மாள்.

இல்லாதவர்கள்: என் மகன் காத்தமுத்து, லாக்கப்பில் இருக்கிறான். என் பேரன் பூபாலன், காட்டில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

பூபாலனுக்குத்தான் இன்று கருமாதி செய்தோம்.

பவுனம்மா அழவில்லை. அழாவிட்டால் நம்ப மாட்டார்கள் என்று வீராசாமி அவள் காதில் சொன்னான். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதது டோ கின்தான். அவளுக்கு விஷயம் தெரியாது. பையன் செத்துத்தான் போனான் என்று நினைத்து மார்பில் அடித்துக்கொண்டாள். அவள் அழுகைதான் படத்தில் நன்றாக விழுந்திருக்கும்.

எல்லாம் முடிந்து பண்டாரம் பித்தளைத் தட்டைத் துடைக்கும்போது ஊ மவுங் சோ தமிழில் கேட்டான்: "கல்யாணமாகாத பய. வாழைக்குக் கட்ட வேணாமா பண்டாரம்?"

கல்யாணம் ஆகாமல் செத்தவனைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு வாழைக்கன்றைப் பெண்ணாக நிறுத்தி மஞ்சள் கயிறு கட்டுவோம். கட்டிய கையோடு கன்றை வெட்டிச் சாய்ப்போம். அதோடுதான் அவன் கணக்கு முடியும். பண்டாரம் அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். இவன் விடவில்லை.

பூபாலனின் ரயில்வே சட்டையை ஒரு கம்பில் மாட்டி நிறுத்தினார்கள். அவனுக்குப் பதிலாக வீராசாமி கயிற்றைக் கட்டினான். பேரன் கல்யாணத்துக்கு என்று நான் எடுத்து வைத்திருந்த குங்குமச் சிமிழைத்தான் பண்டாரத்திடம் கொடுத்தேன். வேறு குங்குமம் வீட்டில் இல்லை.

பண்டாரம் அரிவாளைத் தூக்கியதும் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்க. நல்ல கன்னு. இலைக்கு ஆகும். பெறகு நானே வெட்டிக்கிறேன்."

ஊ மவுங் சோ என்னைப் பார்த்தான். கன்றைப் பார்த்தான்.

"சாயங்காலத்துக்குள்ள வெட்டிடுங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரர்களிடம் பர்மியில் எல்லாம் முடிந்தது என்றான்.

நான் வெட்டவில்லை. வெட்டினால்தானே முடியும்.

மாசி 12, வியாழக்கிழமை

நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன். எனக்கு மறக்காது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தேன். அப்புறம் அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது. சோதனைக்கு வந்தவர்கள் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். கோலம் என்று நினைத்தார்களோ என்னவோ, திரும்ப வைத்துவிட்டார்கள். வட்டார ஆபீசில் இதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.

போன வருஷம் தை மாதம் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. பூபாலன் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தான். எல்லோரும் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள், இவனும் நிறுத்தினான். ராத்திரி எட்டு மணியானால் தெரு முழுக்கச் சட்டியையும் தட்டையும் தட்டுவார்கள். வீட்டுக்குள் புகுந்த கெட்ட ஆவியை அப்படித்தான் விரட்டுவார்கள் பர்மாக்காரர்கள். விளக்கு வைத்த வீட்டில் சட்டி தட்டக் கூடாது என்று நான் கத்தினேன். சாதம் வடிக்கும் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்று தட்டினான்.

"நமக்கு எதுக்குடா? எவன் ஆண்டா என்ன, போய் சிக்னலைப் பாரு" என்றேன்.

"அப்பத்தா, உங்க காலத்துல நீங்க சும்மா இருந்தீங்க. அதான் எங்க காலத்துலயும் வந்து நிக்கிறான்" என்றான்.

அந்த வார்த்தைக்காக நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போடுவேன், பேச மாட்டேன். அப்படி இருக்கும்போதே ஒரு நாள் பட்டாளத்தை எதிர்க்கிறவர்களோடு காட்டுக்குப் போய்விட்டான்.

இந்தத் தை மாதம் அவனைத் தேடி வந்தார்கள். அவன் இல்லை என்றதும் காத்தமுத்துவைச் சைக்கிள் கடையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள், கையில் பஞ்சர் பசையோடு. சர்க்கரை வியாதிக்காரன். மாத்திரை கொடுக்கப் போன பவுனம்மாவை உள்ளே விடவில்லை. உள்ளே அவன் கத்துவது வாசல் வரைக்கும் கேட்டதாம்.

சொல் பேச்சுக் கேட்காத மகனோடு இனி எங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பேப்பரில் போட்டால் விடுவார்கள் என்றார்கள். ஊரில் பலர் போட்டார்கள், பவுனம்மாவும் போட்டாள். விடவில்லை. அப்போதுதான் ஊ மவுங் சோ வந்தான்.

"பேப்பர்ல ஊரே போடுது சின்னம்மா. மேல ஒருத்தனும் நம்பறதில்ல. நம்ம ஆளுக நெசமாவே தலைமுழுகினா என்ன செய்வாங்கன்னு அவங்ககிட்ட நான்தான் சொன்னேன். கருமாதி பண்ணிடுங்க. படம் பிடிச்சு அனுப்பறேன். காத்தமுத்து வந்துருவான்."

பவுனம்மா என் முகத்தைப் பார்த்தாள். காட்டில் நிற்பது அவள் பிள்ளை. உள்ளே கிடப்பது என் பிள்ளை. நான் சரி என்றேன்.

இந்த ஊ மவுங் சோ யார் என்றும் எழுதுகிறேன். என் கூட்டாளி பேச்சியம்மாவின் மகன். அவன் பிறந்தபோது நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தவள் நான். காதில் மூன்று தரம் பெயர் சொன்னவளும் நான். பிழைப்புக்காகப் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டான். எங்களில் வைக்காதவர் யார்? ஆனால் இவன் தமிழ்ப் பெயரைக் கழற்றியே போட்டுவிட்டான். கழற்றிப் போட்டதை நான் எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்? இந்த நோட்டில் அதை எழுத மாட்டேன்.

சேனை வைத்தவள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "ஒன்னு விடாம ஞாபகம் வச்சிருக்கான் அங்கம்மா, அப்படியே நீதான்" என்று பேச்சியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சர்க்கரைத் தண்ணீரில் என்ன குணம் இருக்கும். நான் நம்புவதில்லை.

மாசி 13, வெள்ளிக்கிழமை

காத்தமுத்துவை இன்னும் விடவில்லை. வாழைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மாசி 16, திங்கட்கிழமை

விட்டுவிட்டார்கள். வலது கையைத் தூக்க வரவில்லை. வாசலில் நின்று முதலில் வீராசாமியின் தலையைத்தான் பார்த்தான்.

"யாருக்கு மொட்டை போட்ட மச்சான்?"

வீராசாமி தலையைத் துண்டால் மூடிக்கொண்டான். பவுனம்மா உள்ளே போய்விட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், ஒன்றும் விடாமல்.

"என் புள்ளைக்கா?" என்றான். அப்படியே படியில் உட்கார்ந்தான். "என்னைக் கேட்டிருந்தா இங்கயே செத்துப்போறேன்னு சொல்லியிருப்பேனே ஆத்தா."

"அதான் கேக்கல."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தேன், தின்னவில்லை. பவுனம்மா வைத்ததும் தின்றான்.

மாசி 19, வியாழக்கிழமை

மகன் பேசாததால் நிறைய நேரம் கிடைக்கிறது. பழையதை எல்லாம் நினைக்கிறேன்.

ஆளுகிறவன் மேல் எனக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை. அது மழை மாதிரி. பெய்தால் உள்ளே போக வேண்டும். என் அப்பாவின் தானியக் கடையை அரசாங்கம் எடுத்தபோது நான் சிறுபெண். கடை வாசலில் ஒரு எண் எழுதிப் பலகை மாட்டினார்கள். எங்கள் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சங்கிலிதான் அப்பாவின் தராசையும் படிக்கற்களையும் லாரியில் ஏற்றினான். என் அம்மா கையால் தின்றவன். சாகும்வரை அவனோடு பேசவில்லை. அவன் சாவுக்கும் போகவில்லை.

ஒருதரம் பூபாலன் கேட்டான், "அப்பத்தா, கடையை எடுத்தது யாரு?"

"சங்கிலி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். "அவன் தூக்கினவன் அப்பத்தா. எடுத்தவன் யாரு?"

"பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தானா இந்தக் கேள்வியெல்லாம்?" என்று அதட்டி அனுப்பினேன். எடுத்தவன் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காத முகத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பங்குனி 2, புதன்கிழமை

வாழை புது இலை விட்டிருக்கிறது.

வீராசாமி வந்தான். முடி இன்னும் வளரவில்லை. "பாலத்து சாவடில பட்டாளத்தான் என்னைப் பொங்கின்னு நெனச்சு குனிஞ்சு கும்புட்டான் அத்தை. நானும் நல்லாயிருன்னு கைய தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான். புத்த சாமியாருக்கும் மொட்டைதானே. பவுனம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

காத்தமுத்து இடது கையால் பஞ்சர் ஒட்டப் பழகிவிட்டான். கடைக்கு வருகிறவர்கள் டயரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். முன்பு அங்கே நடக்காத பேச்சு இல்லை.

பங்குனி 17, வியாழக்கிழமை

கருவாட்டுக்காரி ஒருத்தி வந்தாள். கூடையை இறக்கும்போதே மெதுவாகச் சொன்னாள்: "உங்க பேரன் நல்லா இருக்காரு. ஒன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"என்ன கேட்டான்?"

"தன் கருமாதிச் சாப்பாட்டுல என்ன காய் போட்டீங்கன்னு."

நான் பவுனம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கத்திரிக்காய்னு சொல்லு" என்றாள் பவுனம்மா. "அவனுக்குப் பிடிக்காதுல்ல, அதனாலதான் போட்டோம்னு சொல்லு."

"வாழையை இன்னும் வெட்டலையாமே, வீராசாமி மாமா சொல்லி அனுப்பினாராம். தன் பொண்டாட்டியைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாரு, வந்து கூட்டிக்கிறேன்னாரு" என்றாள் கருவாட்டுக்காரி.

காத்தமுத்து சிரித்தான். சிரித்துக்கொண்டே, "கேட்டியா ஆத்தா, உன் பேரன் கொழுப்பை" என்றான். அன்றைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பூபாலன் மேல் இருந்த கோபத்தை இன்று விட்டேன். கருவாட்டுக்காரியிடம் அதைச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கெல்லாம் ஆள் மூலம் சொல்வார்களா. வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சித்திரை 1, வியாழக்கிழமை

வருஷப் பிறப்பு. பர்மாக்காரர்களுக்கும் இதே நாளில்தான் தண்ணீர்த் திருவிழா. தெருவில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பட்டாளமே மேடை போட்டு, பட்டாளத்தான் பிள்ளைகளே ஊற்றிக்கொண்டார்கள். வாழைக்கு நான் ஊற்றினேன்.

சித்திரை 9, வெள்ளிக்கிழமை

கருவாட்டுக்காரி கூடையில்லாமல் வந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆற்றங்கரையில் சமைத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து குண்டு போட்டிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் அவனை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவள் இதைத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு உடனே போய்விட்டாள்.

பவுனம்மா துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே போயிருக்கிறது. வேலி ஓரமாக டோ கின் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள், "இவ்வளவு நாள் ஆகியும் ஆறலையா அவளுக்கு?"

"ஆறல" என்றேன்.

சித்திரை 10, சனிக்கிழமை

வட்டார ஆபீசுக்குப் போனேன். ஊ மவுங் சோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழில் சொன்னேன். "நெசமாவே போயிட்டான். கருமாதி பண்ணணும்."

அவன் கையிலிருந்த பேனாவை மூடினான். திறந்தான். மூடினான். துப்பாக்கிப் பையன் நிமிர்ந்து பார்த்ததும், ரேஷன் அரிசி கேட்கிறாள் கிழவி என்று பர்மியில் சொன்னான். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினான்.

"செத்தவனுக்கு எத்தனை தடவை கருமாதி பண்ணுவாங்க சின்னம்மா?"

"அன்னிக்கு அவன் சாகலைன்னு உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். படம் பாத்தவங்களுக்குத் தெரியாதே. இப்ப திரும்பப் பண்ணினா அன்னிக்குப் பண்ணினது நாடகம்னு ஆயிரும். காத்தமுத்துவை மறுபடி கொண்டுபோவாங்க. இந்தத் தடவை கை மட்டும்னு நெனைக்காதீங்க."

"ஒரு விளக்காவது ஏத்திக்கிறோம்."

"வேணாம். விளக்கு, படையல், மொட்டை, எதுவும் வேணாம். பண்டாரம் உங்க வாசல் பக்கமே வரக் கூடாது. அந்தப் பொண்ணைச் சத்தம் போட்டு அழவும் விடாதீங்க."

"அவ பெத்தவ."

"அதான் சொல்றேன்."

அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அது எனக்குத் தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தாங்கிப் பிடிக்க வந்தான், தட்டிவிட்டேன்.

வழி நெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் பேரனுக்கு உரிய சாவை அவன் உயிரோடிருந்தபோதே நாங்கள் செலவழித்துவிட்டோம்.

சித்திரை 11, ஞாயிற்றுக்கிழமை

வாழை என் தோள் உயரம் வளர்ந்திருந்தது. மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது, நிறம் போய்விட்டது, தண்டு பருத்ததில் இறுகிக் கிடந்தது.

காலையில், எல்லோரும் பார்க்கும் வெயிலில் வெட்டினோம். வாழை வெட்டுவதற்கு யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இலைக்காக வெட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். பவுனம்மா கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு விடவில்லை. பல்லால் கடித்து எடுத்தாள். காத்தமுத்துவின் வலது கை எழவில்லை. இடது கையால் ஓங்கினான். ஒரே வெட்டில் சாயவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் ஏதோ சொன்னான். மகன் பெயரைச் சொன்னான் என்று நினைக்கிறேன். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சாய்ந்ததும் மூன்று பேரும் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். அவ்வளவுதான். பூபாலன் போய்ச் சேர்ந்தான்.

"உன் மேல கோபம் இல்லடா" என்று சொல்ல நினைத்திருந்தேன். சொன்னேன், வாழையிடம்.

டோ கின் வேலியோரம் வந்து இலை கேட்டாள், கொழுக்கட்டை மடிக்க. கொடுத்தேன். "நல்ல இலை, கிழியாத இலை" என்று மகிழ்ந்து போனாள்.

சித்திரை 13, செவ்வாய்க்கிழமை

இன்று ஊ மவுங் சோ வந்தான். விருந்தாளி யாராவது தங்கியிருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கும் நாள். துப்பாக்கிப் பையன் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தான். இவன் மட்டும் உள்ளே வந்து, பின்பக்கம் போனான்.

அங்கே வாழை இல்லை. வெட்டிய அடிக்கட்டை இருந்தது. நடுவிலிருந்து குருத்து விரலளவு மேலே வந்திருந்தது.

நின்றான். வெகுநேரம் நின்றான். அன்றைக்கே வெட்டச் சொன்னவன் அவன். வெட்டவில்லை என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒவ்வொரு சோதனைக்கும் இந்தப் பின்வாசல் வழியாகத்தானே போனான். ஒரு நாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசிக்கப் போவதில்லை.

"ஒரு செம்பு தண்ணி குடுங்க சின்னம்மா" என்றான்.

குடிக்க என்று நினைத்துக் கொடுத்தேன். குனிந்து தன் தலையில் ஊற்றிக்கொண்டான். சட்டையெல்லாம் நனைந்தது. சாவு கேட்டால் சொந்தக்காரன் ஊற்றிக்கொள்வது போல, முழுத் தலையும் நனையும்படி.

"என்ன இது?" என்று துப்பாக்கிப் பையன் கத்தினான்.

"வெயில் தாங்கல" என்றான் இவன் பர்மியில். செம்பை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் கண்ணை நான் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டான்.

காத்தமுத்து சொல்கிறான், "அவனும் பயந்து கெடக்கிறவன்தான் ஆத்தா. விட்டுத் தொலை."

ஒவ்வொருவராக விட்டுத்தான் பார்த்தேன். பண்டாரத்தை விட்டேன். கயிறு கட்டிய வீராசாமியை விட்டேன். சங்கிலியைக்கூட இன்று விட்டேன். பாவம், மூட்டை தூக்குகிறவன், தூக்கச் சொன்னதைத் தூக்கினான். செருப்போடு நின்ற போலீஸ்காரனுக்கு, தான் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரியாது. குண்டு போட்டவன் கீழே சோறு வேகிறதைப் பார்த்திருக்க மாட்டான். போடச் சொன்னவனுக்கு அங்கம்மாள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது; அவனை மன்னிக்கிறதும் மன்னிக்காததும் பூபாலன் மாதிரிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டியது. என் கை அவ்வளவு தூரம் எட்டாது.

ஆனால் பேப்பரில் போட்டது போதாது என்றால் வேறு எதைக் கேட்பது என்று எந்தப் பர்மாக்காரனுக்கும் தோன்றியிருக்காது. கருமாதி கேட்க அவர்களுக்குத் தெரியாது. வாழைக்குக் கட்டச் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டுச் சோறு தின்று, எங்கள் சாவுகளில் ஓடியாடி, எங்கே வெட்டினால் எங்களுக்குத் தாங்காது என்று தெரிந்த ஒருவன்தான் அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். இன்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவும் அவனுக்குத்தான் தெரிந்தது.

இந்த நோட்டு அவன் கையில் கிடைத்தால் கிடைக்கட்டும். அவனுக்குப் படிக்கத் தெரியும். நான் சேனை வைத்து, காதில் மூன்று தரம் சொன்ன பெயரை அவன் மறந்திருந்தால் இங்கே பார்த்துக்கொள்ளட்டும்.

சோலைமலை.